வைரஸ் சுமையும் நோய் அறிகுறிகளும் (கோவிட்-19)

வைரஸ் சுமை என்பது நோயாளியின் மூக்கு, தொண்டை, சளி ஆகியவற்றில் காணப்படும் வைரஸின் அளவு. கோவிட்-19 காலத்தில் பெரும்பாலான ஆய்வகங்கள் இதை எண்ணிச் சொல்லவில்லை, ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையின் சி.டி. மதிப்பிலிருந்து கணித்தன. பரிசோதனையின் ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபணுப் பகுதி ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகும். எத்தனையாவது சுற்றில் கருவிக்கு அது புலப்படுகிறதோ அதுவே சி.டி. மதிப்பு. எனவே எண் குறைந்தால் வைரஸ் அதிகம்; 20-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு சுமார் ஆயிரம் மடங்கு. ஆனால் மூக்கில் விடும் குச்சி உள்ளே சரியாகப் போகாவிட்டாலும் எண் கூடிவிடும். பரிசோதனைக் கிட் மாறினாலும் எண் மாறும்.

சுமை கூடினால் நோய் முற்றும் என்று நினைப்பது இயல்பு. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனில் 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் மிகக் குறைந்த அளவு வைரஸைச் சொட்டாக விட்டுக் கவனித்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின. 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. மூக்கில் விட்ட வைரஸ் முதலில் தொண்டையில்தான் தென்பட்டது. சுமார் ஐந்தாம் நாளில் சுமை உச்சத்தைத் தொட்டது. அறிகுறியே தெரியாதவர்களிடமும் சுமை உயர்ந்திருந்தது. எவருக்குச் சுமை அதிகமோ அவருக்கே தொல்லை அதிகம் என்ற தொடர்பு கிடைக்கவில்லை.

காரணம், காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் வைரஸின் நேரடிச் செயலல்ல. அதை எதிர்க்கும் நோயெதிர்ப்பு அமைப்பு சுரக்கும் வேதிப்பொருள்களின் விளைவு. கடுமையான கோவிட்டில் இரண்டாம் வாரம் மூச்சுத்திணறல் வரும்போது தொண்டையில் வைரஸ் பெரும்பாலும் குறைந்திருக்கும். நுரையீரல் அழற்சிதான் ஆளை வீழ்த்தும். வைரஸைக் கொல்லாத, அழற்சியை மட்டும் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020-இல் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

ஆனால் நோய் பரவுவதில் சுமைக்குப் பங்கு உண்டு; அது உச்சம் தொடும் நாள் பரவலைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 2003-இன் சார்ஸ் நோயில் அந்த உச்சம் அறிகுறி தொடங்கிப் பத்தாம் நாள் வாக்கில் வந்தது. அதற்குள் நோயாளி மருத்துவமனையில் இருந்தார், தனிமைப்படுத்தல் பலித்தது. தொடக்கக்கால கோவிட்டில் அறிகுறி தோன்றுவதை ஒட்டியே உச்சம் வந்தது. நலமாக இருப்பதாக நினைத்து நடமாடியவரும் பரப்பினார். மியூனிக் நோயாளிகள் சிலரை ஆராய்ந்தபோது, அறிகுறி தொடங்கி எட்டு நாள்களுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. பரிசோதனை மட்டும் பாசிட்டிவ் காட்டிக்கொண்டிருந்தது.

இவற்றுக்கு விதிவிலக்குகளும் உண்டு. இரத்தத்தில் வைரஸ் மரபணு காணப்பட்ட நோயாளிகளிடம் நோய் கடுமையாக இருந்தது. நோயெதிர்ப்பு குன்றியவர்களிடம் வைரஸ் பல வாரங்கள் நீடித்தது.

சி.டி. மதிப்பை வைத்து நோயின் கடுமையைக் கணிக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இலேயே அறிவுறுத்தியது. அறிக்கையில் உள்ள அந்த எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். ஆக்சிஜன் அளவு, மூச்சு விடும் வேகம், வயது, இணைநோய், நோயின் எத்தனையாவது நாள் என்பவற்றைப் பாருங்கள்.