கங்கையைப் பார்த்து இறங்குதல்

மகாவலிக் கரையில் பிறந்தவர்களுக்கு நீச்சலுக்கு முன்னரே வேறொரு பாடம் கற்பிக்கப்பட்டுவிடும். கம்பளைப் பகுதியில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும்போது உம்மா கேட்பார்: "மேல மல இருட்டியிருக்கா, பாத்தியா மகன்?" நாவலப்பிட்டிப் பக்கம் கருமேகம் தெரிந்தால், எங்கள் தலைக்கு மேல் வெயில் எரித்தாலும் அன்று கங்கைக் குளிப்பு இல்லை. எமது துறையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அது தெரிந்தால் இறங்கலாம். மறைந்தால் திரும்ப வேண்டும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் நுரையும் வரத் தொடங்கினால் சவர்க்காரத்தையும் விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

எழுதப்படாத இந்த அறிவு பழைமையானது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் இக்கங்கைக்குப் பாலம் இல்லாமையை விளக்குகிறார். மழைக்கால நீரோட்டத்திற்குப் பாலம் தாங்காது என்பது ஒரு காரணம். தன் நாட்டுக்குள் எளிதாக எவரும் வருவதை அரசன் விரும்பவில்லை என்பது மற்றையது. மக்கள் சிறு தோணிகளில் கடந்தனர். கங்கை கண்டியின் அகழியாகவும் இருந்தது.

அந்த அகழியின் வலிமையை 1803 ஜூனில் ஆங்கிலேயர் கண்டனர். கண்டியில் சரணடைந்த மேஜர் டேவியின் படை, தாம் அரியணை ஏற்றிய முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு திருகோணமலை நோக்கிப் புறப்பட்டது. வட்டபுளுவ துறையை அடைந்தபோது தென்மேல் பருவமழையால் கங்கை பெருகியிருந்தது. தோணிகள் இல்லை. தெப்பம் கட்ட முயன்றும் கடக்க முடியவில்லை. கரையில் காத்திருந்தபோதே முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் படையினரும் கொல்லப்பட்டனர். கழுத்தில் வெட்டுண்ட பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் ஆற்றை நீந்திக் கடந்து மெக்டோவல் கோட்டையில் செய்தி சொன்னார். அப்படையில் மலாய் முஸ்லிம்களும் பெருந்தொகையாக இருந்தனர். கண்டி அரசனிடம் சேவை புரிய மறுத்த அவர்களின் கப்டன் நூர்தீன் பின்னர் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். வரலாற்று நூல்கள் இதைத் துரோகத்தின் கதையாகவும் போரின் கதையாகவும் கூறுகின்றன. கங்கைக்கரை ஆசிரியனான எனக்கு அது ஜூன் மாதத்துக் கங்கையின் கதையாகவும் படுகிறது.

1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. இன்று நாவலப்பிட்டி, பேராதனை போன்ற இடங்களில் நீர்மட்டம் அளக்கப்படுகிறது; எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ளம், பெருவெள்ளம் என எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. 1947 ஆகஸ்டிலும் 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போதும் கம்பளை மூழ்கியதை எண்ணினால் இவ்வளவைகளின் அவசியம் புரியும். ஆனால் அவை வீட்டுக்கும் வயலுக்கும் வகுக்கப்பட்டவை. குளிக்க இறங்கும் பிள்ளைக்கு அவற்றில் விடை இல்லை. ஒருவர் மூழ்குவதற்கு வெள்ளம் வர வேண்டியதில்லை. இடுப்பளவு விரைநீர் போதும்.

பழைய அறிவும் இப்போது முழுமையாக உதவுவதில்லை. 1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு இயங்கத் தொடங்கி, கங்கைநீரின் ஒரு பகுதி சுரங்கவழியே உக்குவளைக்குத் திரும்பியது. டேவியின் படை தவித்து நின்ற வட்டபுளுவவுக்கு அருகில்தான் அந்த அணை இருக்கிறது. 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகளும் 2012இல் மேல் கொத்மலையும் வந்தன. மின்சாரத்தையும் வயல்நீரையும் தந்த இத்திட்டங்கள் கங்கையின் மொழியையும் மாற்றிவிட்டன. மின்னுற்பத்திக்கு நீர் விடப்பட்டால் வானம் வெளுத்திருக்கும்போதே நீர் ஏறும். வான்கதவு திறக்குமுன் ஒலிக்கும் சைரனை அறியாத வெளியூர்ச் சுற்றுலாக்காரர் பாறையில் அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்ப்பார். மணல் அகழ்ந்த இடங்களில் முழங்கால் ஆழத்திற்கு அடுத்த அடியிலேயே மடு இருக்கும். மேற்பரப்பில் அதற்கு அடையாளமே இராது. கண்டி நகரின் கழிவைச் சுமந்து மெதஎல கெட்டம்பேயில் கலக்கிறது. தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரும் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் ஜனாஸாத் தொழுகையில் நின்றேன். அவன் நன்றாக நீந்துவான். அன்று மழையில்லை, மேல் மலை இருளவில்லை. உம்மா கேட்டிருந்தாலும் "இல்ல உம்மா, வெளிச்சந்தான்" என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பான். பழைய கேள்வி அவனைக் காப்பாற்றியிராது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டும் கயிறு காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஆதலால் இப்போது தவணை விடுமுறைக்கு முந்திய நாளில் சில புதிய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். மேலே எந்த அணை? இன்று நீர் விடுகிறார்களா? இங்கே மணல் எடுத்தார்களா? இத்துறையில் நாள்தோறும் குளிப்பவரிடம் கேட்டாயா? கரையில் யார் நிற்கிறார்? உம்மாவின் கேள்வியையும் நான் நீக்கவில்லை. முதலாவதாக அதுதான் இருக்கிறது.