ஒரு நெகட்டிவ், இரண்டு வழிகள்

கறுப்பு வெள்ளை பிலிம் சுருள் ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் படங்களை இருட்டறையில் தாளில் அச்சிடவும் வேண்டும். ஸ்கேனர் மூலம் கணிப்பொறியில் ஏற்றவும் வேண்டும். எந்த பிலிமை வாங்குவீர்கள்? விடை, நெகட்டிவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1839-இல் வெளிவந்த டாகுரோடைப் முறையில், ஒருமுறை எடுத்தால் ஒரே படந்தான். இங்கிலாந்தின் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையிலோ, ஒரு நெகட்டிவிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்தது. அதாவது, நெகட்டிவ் முடிந்துபோன படமன்று. பிறகு படிக்கப்பட வேண்டிய ஒரு பதிவு.

அப்பதிவை எப்படி அளப்பது? இங்கிலாந்தில் பணியாற்றிய ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-இல் வழி காட்டினர். நெகட்டிவின் ஓரிடத்தில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு ஊடுருவினால் அங்கே அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு ஊடுருவினால் 2. இது மடக்கை அளவு என்பதை மாணவர்கள் உடனே கண்டுகொள்வீர்கள். டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டினால், கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடும் கூடும். சாதாரண அச்சுத் தாள் ஏற்பதோ ஏறத்தாழ 1 என்ற வேறுபாட்டைத்தான். அதற்கு மேற்பட்டால், படத்தின் வெளிச்சப் பகுதியோ நிழற்பகுதியோ விவரமின்றிப் போய்விடும்.

1909-இல் காலியர் என்பவர் இன்னொரு விளைவை ஆராய்ந்தார். நெகட்டிவிலுள்ள வெள்ளித் துகள்கள் ஒளியைத் தடுப்பதோடு சிதறவும் செய்கின்றன. குவிவில்லை பொருத்திய என்லார்ஜரில், சிதறிய ஒளியின் பெரும்பகுதி லென்சுக்குள் நுழைவதில்லை. ஆகவே அடர்ந்த பகுதிகள் மேலும் அடர்ந்தவைபோல் நடந்துகொள்கின்றன. படிக்கும் கருவி மாறினால் ஒரே நெகட்டிவின் அடர்த்தியும் மாறுகிறது!

அடுத்து வந்த கருவி ஸ்கேனர். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷும் அவர் குழுவினரும் ஒரு குழந்தையின் புகைப்படத்தை 176 × 176 புள்ளிகளாகக் கணிப்பொறியில் ஏற்றினர். பின்னாளில் பிலிம் ஸ்கேனர்கள் வந்தபோது, தூசியைக் கண்டறிய அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தினர். வண்ண பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பை ஊடுருவ விடும்; தூசி விடாது. எனவே தூசி தனித்துத் தெரியும். ஆனால் வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால், கறுப்பு வெள்ளை நெகட்டிவில் ஸ்கேனர் படத்தையே தூசி என்று எண்ணி ஏமாறுகிறது.

வெள்ளிக்குப் பதிலாகச் சாயத்தால் உருவாகும் கறுப்பு வெள்ளை பிலிம்களும் உண்டு. இல்ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்பி-2 (1991) அத்தகையது. இதை வண்ண பிலிமுக்குரிய ரசாயனங்களிலேயே டெவலப் செய்யலாம். கோடாக்கின் பிடபிள்யூ-400-சிஎன் பிலிமும் (2004) இவ்வகையே. ஆனால் அதன் அடித்தளம் ஆரஞ்சு நிறம்; வண்ணத் தாளில் அச்சிடுவதற்கென அவ்வாறு அமைத்தனர். கறுப்பு வெள்ளைத் தாளோ நீலம், பச்சை ஒளிக்கே மயங்கும். எனவே இருட்டறையில் அந்த பிலிமை அச்சிட நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டியிருந்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆரஞ்சு அடித்தளம் இல்லாத எக்ஸ்பி-2-க்கு இச்சிக்கல் இல்லை.

இனி முடிவுக்கு வருவோம். தூசி நீக்கும் வசதி முக்கியமானால், எக்ஸ்பி-2 இரு வழிக்கும் பொருந்தும். ஆனால் சாயம் நாளடைவில் மங்கும். நன்கு கழுவிய வெள்ளி நூறாண்டு கடந்தும் நிற்கும். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய படமானால் வெள்ளி பிலிமையே வாங்குங்கள். தூசியைத் தூரிகையால் துடைத்துக்கொள்ளலாம். டெவலப் செய்கையில் தாளை மனத்தில் வையுங்கள். தாளுக்குப் பொருந்தும் நெகட்டிவ் ஸ்கேனருக்கு எளிது; வேண்டிய கறுப்பு வெளுப்பைக் கணிப்பொறியில் கூட்டிக்கொள்ளலாம். மிக அடர்ந்த நெகட்டிவிலோ, ஒளியே நுழையாத இடத்தில் எந்தக் கருவி எதைப் படிக்கும்?

ஐயமிருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். டெவலப் செய்த வண்ணச் சுருளின் கறுத்த முனையையும், வெள்ளி பிலிமின் கறுத்த முனையையும் டெலிவிஷன் ரிமோட்டின் முன் மாறி மாறிப் பிடித்து, கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியே நோக்குங்கள். கண்ணுக்கு இரண்டும் கறுப்பு. எதனூடே வெளிச்சம் வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.