நோர்வே மொழியும் சந்தாளி மொழியும்

ஒஸ்லோ நகரிற் குடியேறிய என் பழைய மாணாக்கரொருவர், விடுமுறைக்கு ஊர் வந்தவிடத்துத் தம் மகளையும் அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். சிறுமி தந்தையோடு தமிழிலும் தன் பாவையோடு நோர்வே மொழியிலும் பேசிக்கொண்டிருந்தாள். “இந்தப் பாஷைக்கும் எங்கட பக்கத்துப் பாஷைகளுக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ, சேர்?” என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கு அன்று நான் கூறிய விடை போதியதன்று. அக்குறையை இக்கட்டுரை ஓரளவு நிரப்புமென எண்ணுகின்றேன்.

இனத்தொடர்பை நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். நோர்வே மொழி வடமொழிக்கு உறவு. ‘மூன்று’ என்பதற்கு அவர்கள் ‘திரே’ என்பர், வடமொழியில் ‘திரி’. ‘பெயர்’ என்பதற்கு ‘நவ்ன்’ என்பர்; வடமொழியில் ‘நாமன்’. வங்காளத்துக்கு அயலிலே, சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தை அடுத்து வழங்கும் சந்தாளியோ வடமொழிக்கும் உறவன்று, தமிழுக்கும் உறவன்று. அது முண்டா மொழிகளுள் ஒன்று. அதன் தூரத்து உறவினர் காசி, மொன், கெமர், வியட்நாமிய மொழிகளாம். 1906இல் வெளிவந்த இந்திய மொழிக்கணிப்பின் நான்காந் தொகுதியிலே முண்டா மொழிகளும் திராவிட மொழிகளும் ஒருங்கே இடம்பெற்றன. அதனால் இரண்டும் ஓரினமென மயங்குவாருமுளர். ஒரே கட்டடத்துள் இருப்பன எல்லாம் ஒரே குடும்பமாகா. அத்தொகுதியை ஆக்கியவர் ஸ்தென் கொனோவ் என்னும் நோர்வே நாட்டறிஞர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

உறவில்லாத இவ்விரு மொழிகளையும் வரலாறு வேறொரு வழியாற் சேர்த்துவைத்தது. 1855ஆம் ஆண்டிலே சிது, கானு என்னும் சகோதரரின் தலைமையிற் சந்தாளர் வட்டிக்காரருக்கும் நிலக்கிழாருக்கும் அவர்க்குத் துணைநின்ற கம்பனி ஆட்சிக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி பெருங் கொலையோடு அடக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1867இல், அந்நாட்டிலே பெனாகரியா என்னுமிடத்தில் லார்ஸ் ஒல்சன் ஸ்கிரெவ்ஸ்ருட் என்பவர் டென்மார்க்கினரான பொரெசன் என்பாருடன் சேர்ந்து ஒரு மிசனை நிறுவினார். ஸ்கிரெவ்ஸ்ருட் 1840இல் லில்லஹாமர்ப் பகுதியிலே வறிய குடியிற் பிறந்தவர். இளமையிற் களவுக் குற்றத்துக்காகச் சிறையிருந்தவர். அச்சிறையிலேயே பிறமொழிகளைக் கற்கத் தொடங்கியவர். அவரது சந்தாளி இலக்கணம் 1873இல் காசியில் அச்சாயிற்று. கொலேயான் என்னும் முதிய குரு சொல்லச் சொல்ல எழுதப்பட்ட சந்தாளர் முன்னோர் வரலாறு 1887இல் நூலாக வந்தது. அவர்க்குப்பின் 1890இல் வந்த பவுல் ஒலாவ் பொடிங் நாற்பதாண்டுக்கு மேல் அங்கிருந்து ஐந்து பெருந்தொகுதிகளில் ஓர் அகராதியை ஆக்கினார். அது 1929 முதல் 1936 வரை ஒஸ்லோவிலே வெளியாயிற்று. அவர் பதிப்பித்த நாட்டுக்கதைகளிற் பெரும்பாலனவற்றை எழுதிக்கொடுத்தவர் சாக்ராம் முர்மு என்னும் சந்தாளர். முகப்பில் நிற்கும் பெயரை நினைப்பவர் இப்பெயரையும் நினைத்தல் முறை.

ஒரு நோர்வேக்காரருக்கு இம்மொழி எத்தகைய தடைகளை வைத்திருக்கும்? நோர்வே மொழியில் வினைச்சொல் நான், நீ, அவன் என்னும் எவர்க்கும் மாறாது ஒரே வடிவாய் நிற்கும். தமிழிலோ வினையின் ஈறு எழுவாயைக் காட்டும். சந்தாளி இன்னும் ஒருபடி மேற்சென்று, செய்தவனையும் செயப்பட்டவனையும் வினைச்சொல்லோடேயே பிணைத்துவிடும். ஒருமை, பன்மையோடு இருமையும் அங்கு உண்டு. அதன் பெயர்ப்பாகுபாடு உயிருள்ளன, உயிரில்லன என்னும் இரண்டே. ஞாயிறும் திங்களும் உயிருள்ளவற்றோடு எண்ணப்படும். நம் உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டுக்கு இஃது அயலாய்த் தோன்றினும் அதுவன்று. விலங்கும் பறவையும் நமக்கு அஃறிணை. அவர்க்கு மனிதரோடு ஓரணி.

எல்லாவற்றினும் என் கருத்தைக் கவர்வது தன்மைப் பன்மையே. நோர்வே மொழியில் அதற்கு ‘வீ’ என்னும் ஒரே சொல். சந்தாளியில் நான்கு: கேட்பவனையும் உளப்படுத்தி இருவரெனின் ‘அலாங்’, பலரெனின் ‘அபோ’, கேட்பவனை நீக்கி இருவரெனின் ‘அலிஞ்’, பலரெனின் ‘அலே’. தமிழின் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இதனோடு ஒக்கும். (யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ ஒன்றே ஈரிடத்தும் புகுந்துவிடுகின்றது, மாணாக்கர் கட்டுரைகளில் இதனைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்ததே கண்ட பயன்.) வீ என்று சொல்லிப் பழகிய போதகர், சந்தாளரின் முன் வாய்திறக்குந்தோறும் தாம் அவருள் ஒருவரோ, அவர்க்குப் புறம்பானவரோ என்பதை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். இலக்கணம் அவரைத் தப்பவிடாது.

இவர்கள் இத்துணை உழைத்தமைக்குச் சமயப் பரப்பலே நோக்கமென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் இன்னொரு காரணத்தையும் நான் காண்கின்றேன். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு டென்மார்க்கின் கீழிருந்த நோர்வேயிலே, 1814இல் அத்தொடர்பு அறுந்த பின்னும் எழுத்துமொழி டேனிய மொழியாகவே இருந்தது. ஈவார் ஒசென் என்னும் உழவர் மகன் ஊரூராய்ச் சென்று குடியானவரின் பேச்சைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் செய்தார். அவ்வழி எழுந்த புதுமொழி 1885இற் பாராளுமன்றத்தாற் சமநிலை பெற்றது. இன்றும் அங்கு எழுத்துமுறை இரண்டு. எழுதப்படாத பேச்சு இழிந்ததன்று என்னும் எண்ணம் தம் ஊரிலேயே வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஸ்கிரெவ்ஸ்ருட் பிறந்தார் என்பதைச் சிறு செய்தியாகத் தள்ள என் மனம் ஒருப்படவில்லை.

நம் நாட்டு மிசனரிமாரின் நிலை வேறு. மானிப்பாயில் 1842இல் அகராதி அச்சிட்டோரும், நைற் தொடங்கியதை 1862இல் முடித்த வின்சிலோவும், நிகண்டுகளையும் புலவர்களையும் துணைக்கொண்டனர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், பின்பு அவர்களுடைய கருவியான அச்சியந்திரத்தையே சைவத்துக்கும் தமிழுக்கும் உரியதாக்கினார். எழுத்தும் ஏடும் முன்னரே நம்மிடம் இருந்தமையால் அஃது எளிதாயிற்று. சந்தாளரோ எழுத்தையும் பிறரிடமே பெற்றனர். உரோம எழுத்தில் ஒரு சாரார், வங்காள எழுத்தில் ஒரு சாரார், தேவநாகரியிலும் ஒரியாவிலும் வேறு சாரார் என அவர் பிரிந்து நின்றனர். 1925இல் மயூர்பஞ்சைச் சேர்ந்த பண்டிதர் ரகுநாத் முர்மு, அவர்க்கென ‘ஓல் சிக்கி’ என்னும் புதிய எழுத்தை ஆக்கினார். உரோம எழுத்தா, ஓல் சிக்கியா என்னும் வழக்கு இன்றும் முற்றத் தீரவில்லை. ஒலிகளை நுணுகிக் குறிப்பதில் உரோம முறைக்குச் சிறப்புண்டெனப் பொடிங்கின் அகராதியை மெச்சுவோர் கூறுவர். ஒரு மக்கட்கூட்டம் தன் கையால் ஆக்கிய எழுத்துக்கு வேறொரு சிறப்புண்டு என்பேன் யான்.

2003இற் சந்தாளி இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் அதனைப் பேசுவோர் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர். நோர்வேயின் குடிசனமோ ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சமே. பொடிங் திரட்டிய சந்தாளிக் கையெழுத்துப் பிரதிகள் ஒஸ்லோவின் தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன. என் மாணாக்கர் வதியும் நகரும் அதுவே. மகளோடு ஒருநாள் அங்கு போய்வருமாறு அவர்க்கு எழுதியிருக்கின்றேன்.