கெப் வாகனமும் நமது தெருக்களும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொற்றொடர் 'கெப் ரக வாகனம்' என்பது. செய்திகளில் அது தனித்து வருவது குறைவு. 'இனந்தெரியாத நபர்கள்' என்ற தொடரும் பெரும்பாலும் அதன் அருகிலேயே நிற்கும். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கமக்காரனின் உரமூட்டைகளை ஏற்றவென்று பிறந்த ஊர்தி, அன்றாடப் பயண வாகனமாகவும் அதன்பின் அச்சத்தின் அடையாளமாகவும் மாறிய வரலாறு சிந்திக்கத்தக்கது.

இரண்டாம் உலகப்போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வேல்ஸ் நாட்டிலிருந்த தமது பண்ணையில் பயன்படுத்தி வந்தவர், றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ். அந்த ஜீப்பின் தூண்டுதலால் உருவான லான்ட் றோவர், 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. உருக்கு தட்டுப்பாடாக இருந்தமையால் உடற்பகுதியை அலுமினியத்தில் செய்தனர். யப்பானின் ரொயோட்டா 1968இல் ஹைலக்ஸ் என்ற சிறு பாரவூர்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'உயர்ந்த சொகுசு' என்ற பொருள்பட அப்பெயரைச் சூட்டினார்களாம்! நான்கு சில்லுகளும் உந்தும் வகை 1979இல் வந்து சேர்ந்தது.

சொகுசுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை, வெறும் பெட்டியோடு ஓடும் கெப்பின் பின்னாசனத்தில் இருந்து பார்த்தவர்கள் அறிவர். பின்புறத்து வில்தகடுகள் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைத் தாங்கவென அமைந்தவை. பாரம் இல்லாதபோது அவை வளைந்து கொடுப்பதில்லை. ஒவ்வொரு குழிக்கும் வாகனம் துள்ளுகிறது. உழவு மாட்டைச் சவாரி வண்டிலில் பூட்டியது போன்ற நிலைமை.

அவ்வாறாயின் அதை நாளாந்தம் ஓட்டுவது ஏன்? பெரும்பாலான நாடுகளில் இதற்கான விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் கார்களைவிட ஒரு தொன் கெப் வாகனங்களுக்கு மிகக் குறைந்த தீர்வையே நீண்ட காலம் விதிக்கப்பட்டது. ஆகவே அங்கு அதுவே சாமானியக் குடும்பத்தின் வாகனம். காலையில் மரக்கறி ஏற்றும் பெட்டியில் மாலையில் பேரப்பிள்ளைகள் ஏறுவர். 2017 ஏப்ரலில், சொங்கிரான் புத்தாண்டுக்குச் சற்று முன்னர், பின்பெட்டியில் ஆட்கள் பயணிப்பதை இராணுவ அரசு தடைசெய்ய முயன்றது. மக்கள் கொதித்தெழுந்தனர், அரசு பின்வாங்கியது. இராணுவ ஆட்சியையே பணிய வைத்த வாகனம் அது.

நமது நாட்டில் கதை வேறு. சட்டத்தின் பார்வையில் இரண்டு வரிசை ஆசனங்கொண்ட கெப், ஆட்களையும் பொருட்களையும் ஏற்றத்தக்க 'இரட்டைப் பயன்பாட்டு வாகனம்'. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. திணைக்கள அதிகாரிகளுக்குக் கெப்பும், அரசியல்வாதிகளுக்குப் பஜிரோவும் என்று ஒரு வருணாசிரமமே உருவாயிற்று. கமக்காரனுக்குக் கிடைத்தது இரண்டு சில்லு உழவு இயந்திரம்.

வடக்கிலோ 1990இல் எரிபொருள் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தார் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை அது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதியும் திறக்கப்பட்டபோது, ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடைப்பட்ட பாதை பள்ளமும் புழுதியுமாகக் கிடந்தது. அப்பாதையில் கெப் ஆடம்பரமன்று, அவசியம். கண்காணிப்புக் குழுவினரின் வாகனங்களோடு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தொண்டு நிறுவனங்களின் வாகனங்களும் சேர்ந்துகொண்டன. நீண்ட வானொலிக் கம்பியும் கொடியும் தரித்த அந்த வெள்ளை ஊர்திகளைக் கொண்டே சனங்கள் காலநிலை பார்த்தனர். அவை ஓடினால் நிலைமை பரவாயில்லை. ஓரிரு நாட்கள் காணவில்லையென்றால் வீட்டில் அரிசியை எண்ணத் தொடங்குவர்.

2008 செப்டெம்பரில் அரசாங்கம் உதவி நிறுவனங்களை வன்னியிலிருந்து வெளியேறப் பணித்தது. கிளிநொச்சியிலிருந்த ஐக்கிய நாடுகள் வளாகத்தின் வாயிலில் மக்கள் கூடி, போகவேண்டாம் என்று கெஞ்சினர். அக்காட்சிகள் பின்னர் 2013இல் வெளியான 'நோ பயர் சோன்' ஆவணப்படத்தில் இடம்பெற்றன. 16ஆம் திகதி வாகனத் தொடரணி வவுனியா நோக்கிப் புறப்பட்டது. ஐ.நா.வின் உள்ளூர்ப் பணியாளர்கள் பலருக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் வெளியேறுவதற்குப் புலிகள் இடமளிக்கவில்லை. எந்தச் சேற்றையும் கடக்கவல்ல ஊர்திகள் அன்று கடந்தது வெறும் தார்வீதியை. ஆனால் பின்னால் விடப்பட்டவர்களுக்கு, அதற்குப்பின் நடந்தவற்றைக் கண்டு வெளியே சொல்லச் சாட்சிகள் அரிதாகிப் போயினர். இதை நான் கொழும்பில் இருந்து கேட்டறிந்தேன். சுயாதீனப் பத்திரிகையாளர்கள் அங்கு செல்ல அனுமதிக்கப்படாத காலம் அது.

போர் முடிந்து ஏ-9 வீதி புதுப்பிக்கப்பட்டது. இன்று சிறு காரிலேயே குலுங்காமல் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். எனினும் கெப் குறையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கெப்புகளின் விலைகூட ஏறிற்று. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீடு நடைமுறைக்கு வந்தபோதுகூட அதன் கவர்ச்சி மங்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கான தடையும் நீங்கிற்று.

வாங்குவோரில் உண்மையாகவே தோட்டமும் வயலும் உடையவர்கள் உளர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நகரத்தில் ஓடும் கெப்புகள் பலவற்றின் பின்பெட்டியில் ஒரு கீறலும் இல்லை. உயரமான முகப்பு, கறுப்புக் கண்ணாடி, பகலிலும் எரியும் மேலதிக விளக்குகள். எதிரே சைக்கிளில் வருபவர் ஒழுங்கை வேலியோடு ஒதுங்கி நிற்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவராயின், வாகனம் கடந்து போனபின்னும் சற்று நின்று, அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மிதிக்கிறார்.