விற்பனைக்கு ஓர் ஒட்டகம்

பாரிசில் இருக்கும் என் மருமகனுக்கு ஒரு வினோதமான பொழுதுபோக்கு உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் 'லெ பொன் குவேன்' விளம்பரங்களைப் படிப்பார். 'நல்ல மூலை' என்று பொருள். 2006இல் தொடங்கிய அந்தத் தளத்தில் பழைய அலமாரி முதல் வீடு வரை எல்லாமே விலைக்கு வரும். அவர் எதையும் வாங்குவதில்லை. "மாமா, இதைக் கேளுங்க" என்று எனக்கும் படித்துக் காட்டிச் சிரிப்பதோடு சரி.

இந்தப் பழக்கம் புதிது என்று நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குப் பாரிசில் வயது கிட்டத்தட்ட 400.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு, தெயோஃப்ரஸ்த் ரெனோதோ என்றால் 1631இல் 'கசெத்' பத்திரிகையை ஆரம்பித்தவர். பாடம் அதோடு முடிந்துவிடும். உண்மையில் அவர் ஒரு வைத்தியர். ஏழைகள் விஷயத்தைக் கவனிக்க அரசரால் நியமிக்கப்பட்டவர். வேலை தேடி நகரத்துக்கு வருகிறவனுக்கு, ஆள் தேடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இருவரையும் சேர்த்துவைக்க ஒரு 'விலாச அலுவலகம்' திறந்தார் ரெனோதோ. வேலை வேண்டுமா, வீடு விற்கவேண்டுமா, வந்து சொன்னால் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். கட்டணம் 3 சூ. ஏழைகளுக்கு இலவசம்.

1633இல் அந்தப் பதிவுகளைத் தாளாகவும் அச்சிட்டார். நிலம், வீடு என்று போகும் பட்டியலில் திடீரென்று ஓர் இளம் ஒட்டகம், நியாயமான விலைக்கு! படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு யோசித்தேன். நான் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவர் நின்று சொல்லியிருப்பார். ஒட்டகத்தை விற்க வந்தவருக்கு அன்று என்ன நெருக்கடியோ?

ரெனோதோ ஏழைகளுக்கு இலவச வைத்தியமும் குறைந்த வட்டிக்கு அடகும் ஏற்பாடு செய்தார். பாரிஸ் வைத்தியர் சபைக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு ஆதரவாக இருந்த ரிஷலியே 1642இல் இறந்தார். 1644இல் உயர் நீதிமன்றம் இரண்டையும் நிறுத்தியது. 1653இல் ரெனோதோ ஏழையாகவே இறந்தார்.

இதை மருமகனிடம் சொன்னேன். மறுவாரம் அவர் ஒரு விளம்பரம் படித்தார்: 'அப்பாவின் தச்சுக் கருவிகள், மொத்தமாக மட்டும்.'

இருவரும் சிரிக்கவில்லை.