அரக்கும் தேய்மானமும்: இசைத்தட்டின் வரலாற்றை யார் சேகரிப்பது?

பழைய ராக் இசைத்தட்டுகள் இன்று பெட்டிகளாக வருகின்றன. 1967இல் ஒற்றைத் தட்டாக வெளிவந்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்', 2017இல் ஐம்பதாம் ஆண்டைச் சாக்கிட்டு ஆறு வட்டுகளும் கனத்த புத்தகமும் கொண்ட பெட்டியாக வந்தது. மூலநாடாக்களைத் தூசுதட்டி, இரைச்சலை நீக்கி, ஒலியைத் திரும்பக் கலந்து விற்கிறார்கள். ஒரே இசையை நாலாவது தடவையாக வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? பாட்டை அல்ல, அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. யார் கையும் படாத ஒரு கடந்தகாலத்தை வாங்குகிறார்.

இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழித்துவிடும் என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். முதலாளியம் அதற்கும் மாற்று வைத்திருக்கிறது. லட்சக்கணக்கில் அச்சான தட்டுக்கு வரிசை எண் போட்டு, 'குறைந்த பிரதிகளே' என்று ஒட்டி, அழிந்த ஒளிவட்டத்தைத் திரும்பத் தயாரித்து விலை வைக்கிறது.

இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, கடத்தூரில் உட்கார்ந்துகொண்டு நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. உலகெங்கும் பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் அலைந்து தேடும் பொருள்களில் ஒன்று, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் அச்சான 78 சுற்று அரக்குத் தட்டு. பிரிட்டனும் அமெரிக்காவும் 1960 வாக்கில் 78 சுற்றைக் கைவிட்டுவிட்டன. இங்கே 1960களின் நடுப்பகுதி வரை அது அச்சானது. காரணம் ரசனை அல்ல. மின்சாரம் எட்டாத ஊர்களில் கையால் சாவிகொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டிதான் இருந்தது. நம் இல்லாமை அவர்களுடைய அபூர்வமாகிவிட்டது.

அந்த அரக்கு எங்கிருந்து வந்தது? சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலான மரங்களில் பூச்சி வளர்த்துப் பழங்குடி மக்கள் சுரண்டியெடுத்த பிசின் அது. லண்டன் பாடகனின் குரலும் கே.பி. சுந்தராம்பாளின் குரலும் அந்தப் பிசின்மேல்தான் கீறப்பட்டன. பெட்டியோடு வரும் கனத்த புத்தகங்களில் ஒலிப்பதிவாளர் பெயர் இருக்கும், கிதார் வாங்கிய கடைகூட இருக்கும். அரக்கு சுரண்டிய கை இருக்காது.

தமிழில் 'பெட்டி' என்ற வடிவமும் புதிதல்ல. 1930களில் 'டிராமா செட்' என்று நாடகங்களைப் பல தட்டுகளில் பதிந்து, ஒரே தொகுதியாக விற்றார்கள். சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்று வளர்ந்தது. அந்த முதலீடுதான் பிற்பாடு ஏவிஎம் ஆயிற்று. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்ற கணக்கில் விடியவிடிய நடக்கும் நாடகம் வெட்டிச் சுருக்கப்பட்டது. கூட்டமாகப் பார்த்த நிகழ்வை வீட்டுக்குள் கொண்டுபோகும் சரக்காக மாற்றியதில் டிராமா செட்டும் இன்றைய பெட்டியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வாங்க முடிந்தவர் யார் என்பதும் தெரிந்ததே.

ஆனால் வாங்க முடியாதவர்களும் கேட்டார்கள். எப்படி? மைக் செட்! தருமபுரிப் பக்கத்து ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீர், திருவிழா எதுவானாலும் மூங்கிலிலோ புளியமரத்திலோ குழாய் கட்டியாக வேண்டும். பாட்டு மட்டுமல்ல, 'பராசக்தி', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனங்களும், 1984க்குப் பிறகு 'விதி' நீதிமன்ற வசனமும் குழாய் வழியே ஊரையே நனைத்தன. எழுத்தறியாதவர்கூட அடுக்குமொழியை மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான்.

மைக் செட் வைத்திருந்தவரும் ஒருவகையில் சேகரிப்பாளரே. ஆனால் அவருடைய சேகரத்தைத் தீர்மானித்தது அவர் ரசனை அல்ல. 'அந்தப் பாட்டப் போடுப்பா' என்று கேட்டுக்கேட்டு ஊர்தான் தீர்மானித்தது. அதிகம் கேட்கப்பட்ட தட்டு அதிகம் தேய்ந்தது. எந்த வரியில் முள் சிக்கிக்கொள்கிறதோ அந்த வரியை ஊர் விரும்பியிருக்கிறது என்று பொருள். ஆக, தேய்மானமே இங்கு ஆவணம். கீறலைக் 'குறை' என்று சொல்லி நீக்கும் தொழில்நுட்பம், கேட்டவர்களின் வரலாற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. 2017இல் சரிகம விற்கத் தொடங்கிய 'கார்வான்' பெட்டிக்குள் 5,000 பாட்டு இருக்கலாம், அதில் ஒரு கீறல்கூட இருக்காது.

இதைச் சொல்லும்போது மைக் செட்டைப் புனிதப்படுத்திவிடவும் கூடாது. குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்படுகிறது என்பது சாதி சம்பந்தப்பட்ட கேள்வி. சேரிக் கல்யாணத்தில் சத்தமாகப் பாட்டுப் போடுவதே ஓர் அறைகூவலாக இருந்த ஊர்கள் உண்டு. தட்டில் ஏறாதவையும் ஏராளம். திரௌபதி அம்மன் கோயில் கூத்தின் பத்து ராத்திரியும், நடவுப் பெண்கள் பாடியதும், ஒப்பாரியும், பறையின் அடிவகைகளும் கம்பெனிகளின் பட்டியலில் அபூர்வமாகவே இடம்பெற்றன. பதிவானதை மட்டுமே மெருகேற்ற முடியும். பதிவாகாத மௌனத்துக்கு எந்தக் கம்பெனியும் பெட்டி செய்யப்போவதில்லை.

பதிவானவற்றுக்கும் கம்பெனி நம்பகமான காவலாளி அல்ல. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் இசையின் மூலநாடாக்கள் எரிந்தன. பொதுமக்களுக்கு அது விரிவாகத் தெரியவந்தது 2019இல், நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு. எவ்வளவு எரிந்தது என்பதில் கம்பெனி தகராறு செய்தது. மாறாக, ஓடியன் தட்டுகள் இங்கே மீண்டது பெரும்பாலும் தனிமனிதர்களின் பரண்களிலிருந்துதான். 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணிமமாக்கினார்கள்.

எனவே சேகரிப்பு வேண்டாம் என்பதல்ல நம் வாதம். எதை, யாருக்காக, யாருடைய பெயரோடு என்பதே கேள்வி. மைக் செட் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தட்டுகள் பழைய இரும்புக்காரனிடம் போகின்றன, கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. பாட்டுப் போட்டவர்களுக்கு வயதாகிவிட்டது. தட்டை எடுக்கப் போகிறவர்கள் தட்டை மட்டும் எடுத்துவந்தால் போதாது. எந்தப் பாட்டு எந்தத் தெருவில் போட்டார்கள், எதைப் போடக்கூடாது என்று யார் தடுத்தார்கள், எந்தச் சண்டையில் குழாய் இறக்கப்பட்டது என்பதையும் அவர்கள் வாயால் கேட்டுப் பதிய வேண்டும். பதிந்ததைக் கிளை நூலகத்தில் வைக்க வேண்டும். கீறலோடு.