டிக் எடுத்தால் தெரியும் கூண்டு

போன மாதம் சின்னமனூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். செல்போனில் எதையோ விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். கேம் என்று எட்டிப் பார்த்தால், கலர் கலராக உருண்டைகள். "அண்ணே, இது சினியோல். நம்ம போடி ஏலக்காய் மணக்குதுல்ல, அதுக்கு முக்கியக் காரணம் இதுதான்" என்றாள். கார்பன் 10, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 1. மொத்தம் 29 உருண்டை. எனக்கென்னவோ கம்பம் திராட்சைக் கொத்து மாதிரிதான் தெரிந்தது. படத்துக்குக் கீழே 'ஹைட்ரஜன்' என்று ஒரு செக்பாக்ஸ். அதிலிருந்த டிக்கை எடுத்தாள். 18 உருண்டைகள் போய் மிச்சம் 11. அப்போதுதான் உள்ளே ஒரு கூண்டு இருப்பதும், ஆக்சிஜன் அதன் குறுக்கே பாலம் போட்டிருப்பதும் தெரிந்தது.

பி.காம். படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டத்தின் கதையைத் தேடப் போய், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவரானார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கையில் எடுத்தார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது கங்காரு வால் தசைநாண்! அதன் எக்ஸ்-ரே படங்களையும், கையால் கோத்த பந்து-கம்பி மாதிரிகளையும் வைத்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இல் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று எழுதினார்கள். அடுத்த வருடமே, மூன்றும் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தினார்கள். கம்பி மாதிரியில் ஒரு சங்கிலியை மறைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

1955இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் ஒரு குறை சொன்னார்கள்: சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டி, ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டதுதான் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம். இன்று அணுக்களை முழுப் பருமனில் காட்டும் கட்டத்தில் டிக் போட்டாலே எது எதை இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் எது இடி, எது இடியில்லை என்ற அளவு இவர்கள் போன்றவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்தது.

கம்ப்யூட்டரில் மூலக்கூறைத் திருப்பிப் பார்ப்பது 1960களில் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவிந்தால் குழுவிடம் தொடங்கியது. 1993இல் ரோஜர் சேல் ராஸ்மோலை இலவசமாகக் கொடுத்ததும் அது சாதாரண பி.சி.க்கு வந்தது. 1996இல் சைம், பிறகு ஜேமோல் என்று வலைப்பக்கத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. செக்பாக்ஸ் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

வேலை எளிமையானது. ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் பின்னால் இரண்டு கட்டளைகள். டிக் போட்டால் 'ஸ்பின் ஆன்', எடுத்தால் 'ஸ்பின் ஆஃப்'. ஆனால் கட்டத்துக்குத் தன் டிக் மட்டும்தான் தெரியும், மூலக்கூறு என்ன செய்கிறது என்று தெரியாது. படத்தின் மேல் மெனுவைத் திறந்து சுழற்சியை நிறுத்தினால், கீழே டிக் அப்படியே நிற்கும். கேஷ் புக் ஒன்று சொல்ல, பேங்க் பாஸ்புக் வேறொன்று சொல்லும் கதை. நாங்கள் அதற்கு ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போடுவோம். இங்கே டிக்கை எடுத்து மறுபடி போட வேண்டும். (தங்கச்சிக்கு இந்த உவமை பிடிக்கவில்லை.)

ஜேமோல் ஜாவாவில் ஓடியது. 2015இல் குரோம் ஜாவா ஆப்லெட்டுகளைக் கைவிட்டது, 2017இல் ஃபயர்ஃபாக்ஸும். எத்தனையோ ஆசிரியர்கள் உழைத்துச் செய்த பாடப் பக்கங்களில் வெறும் சாம்பல் கட்டம்தான் மிஞ்சியது. நல்லவேளை, பாப் ஹான்சனும் நண்பர்களும் அதற்குள் ஜேமோலை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றி ஜேஎஸ்மோல் ஆக்கியிருந்தார்கள். பழைய கட்டளைகள் அதற்கும் புரியும். பக்கத்தைக் கொஞ்சம் திருத்தினால், அதே செக்பாக்ஸ் செல்போனிலும் வேலை செய்யும். லேபில் மாதிரிப் பெட்டி இல்லாத கல்லூரியில் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ராமச்சந்திரனின் கயிற்றைப் பார்க்காமல் விடக்கூடாது என்று 1994இல் வெளியான ஒரு கொலாஜன் துண்டைத் திறந்தோம். புரதத் தரவு வங்கியில் அதன் எண் 1சிஏஜி. இரண்டு சங்கிலிகளின் டிக்கை எடுத்தோம். மிச்சமிருந்த ஒன்று இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. மூன்றையும் திரும்பப் போட்டதும் வலப்பக்கம் முறுக்கிய கயிறு. மூன்று அமினோ அமிலத்துக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு என்ற விஷயத்தில் இந்தப் படிகம் ரிச், கிரிக் பக்கம்தான் பேசியது. மூன்று சங்கிலி விஷயத்தில் கிண்டிக்காரர்கள் சொன்னது நின்றது.

அடுத்து 'கிளைசின்' கட்டம். மூன்றுக்கு ஒன்றாகக் கயிற்றின் நடுவிலேயே வரிசையாக நின்றது. அங்கே அதைவிடப் பெரியது எதற்கும் இடம் போதாது. இந்தத் துண்டில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்திருந்தது. உடம்பில் இப்படி ஒரு கிளைசின் மாறினால் எலும்பு சுலபமாக ஒடியும் நோய் வரலாம் என்றாள் தங்கச்சி. மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு, அந்த மூன்று அலனினை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.